‘எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே!’ – பெற்றோரிடம் தெரியாத நோய் பிள்ளைக்கு எப்படி வருகிறது?

பிள்ளைக்குத் தலசீமியா என்று மருத்துவர் சொன்னதும் பெற்றோர் பலர் கேட்பது இதைத்தான்: "எங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும் யாருக்கும் இது இல்லையே, டாக்டர்?"

அப்பா நன்றாக இருக்கிறார். அம்மாவும் அப்படித்தான். குழந்தை பிறந்தபோதும் ஒரு குறையும் இல்லை. சில மாதம் போனதும் முகம் வெளிறத் தொடங்குகிறது. பால் குடிக்கவே சோர்வு. எடை ஏறவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வருகிறது. இது பரம்பரையாக வருவது, உங்கள் இருவரிடமிருந்தும் வந்தது என்கிறார் மருத்துவர்.

யாருக்கும் இல்லாத ஒன்று எப்படிப் பரம்பரையாக வரும்?

இதற்கான பதிலை நீங்கள் பள்ளியிலேயே படித்துவிட்டீர்கள். டாமினண்ட், ரெசஸிவ் என்று ஆங்கிலத்திலோ, டாமினான், ரெசெசிஃப் என்று மலாயிலோ படித்திருப்பீர்கள். நான்கு கட்டம் போட்டு, பெரிய எழுத்து, சின்ன எழுத்து நிரப்பி, தேர்வு முடிந்த கையோடு மறந்தும் இருப்பீர்கள். தமிழில் அவற்றை ஓங்கு மரபணு, ஒடுங்கு மரபணு என்கிறோம். அந்த நான்கு கட்டத்தை இப்போது மறுபடியும் எடுப்போம். இந்த முறை மதிப்பெண்ணுக்காக அல்ல.

இரண்டு வீட்டு சமையல் குறிப்பு

உங்கள் உடலில் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. 23 அம்மாவிடமிருந்து, 23 அப்பாவிடமிருந்து. அவற்றில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும் குறிப்புகள்தான் மரபணுக்கள். பெரும்பாலான மரபணுக்கள், ஒரு குறிப்பிட்ட புரதத்தை எப்படிச் செய்வது என்று செல்லுக்குச் சொல்கின்றன.

ரசம் வைக்க வீட்டில் இரண்டு குறிப்பு நோட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அம்மா வீட்டிலிருந்து வந்தது, இன்னொன்று அப்பா வீட்டிலிருந்து. ஒரு நோட்டில் ரசப் பக்கத்தில் எண்ணெய் கொட்டி எழுத்து அழிந்துபோய்விட்டது. பரவாயில்லை, இன்னொரு நோட்டைப் பார்த்து ரசம் வைத்துவிடலாம். சாப்பிடுபவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இரண்டு நோட்டிலும் அதே பக்கம் அழிந்திருந்தால்தான் அன்றைக்கு ரசம் இல்லை.

ஒடுங்கு மரபணு என்பது பெரும்பாலும் இப்படி அழிந்த பக்கம்தான். நல்ல பிரதி ஒன்று பக்கத்தில் இருக்கும்வரை அது இருப்பதே வெளியில் தெரியாது. ஆனால் அது எங்கும் போய்விடவில்லை. பிள்ளை பெறும்போது நீங்கள் இரண்டு நோட்டையும் கொடுப்பதில்லை, ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு பிரதியை மட்டும்தான் கொடுக்கிறீர்கள். எது போகும் என்பது காசைச் சுண்டுவது மாதிரி.

இதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் கிரிகோர் மெண்டல். இன்றைய செக் குடியரசில் உள்ள புர்னோ நகர மடாலயத்தில் துறவியாக இருந்தவர். உருண்டையான பட்டாணியையும் சுருங்கிய பட்டாணியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. சுருக்கம் காணாமலே போய்விட்டது. அந்தச் செடிகளை மறுபடி தமக்குள்ளேயே விளையவிட்டபோது 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. அதாவது, காணாமல் போனதாக நினைத்தது ஒளிந்துதான் இருந்தது. இந்த முடிவுகளை அவர் 1866ல் வெளியிட்டார். அவர் உயிரோடு இருந்தவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

பட்டாணி ஏன் சுருங்கியது என்பது 1990ல்தான் மூலக்கூறு அளவில் தெரிந்தது. மாவுச்சத்தைக் கட்டமைக்க உதவும் ஒரு நொதிக்கான மரபணுவின் நடுவில் வேறு டிஎன்ஏ துண்டு ஒன்று புகுந்து அதைக் கெடுத்திருந்தது. மாவுச்சத்து குறைகிறது, சர்க்கரை தங்கிவிடுகிறது, விதை அதிகத் தண்ணீரை இழுத்து உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது. ஒரு நல்ல பிரதி இருந்தாலே பட்டாணி உருண்டையாக இருக்கத் தேவையான நொதி கிடைத்துவிடுகிறது. உருண்டை ‘ஓங்கு’ ஆனதற்குக் காரணம் அவ்வளவுதான். ஒரு மரபணு இன்னொன்றைச் சண்டை போட்டு அடக்கவெல்லாம் இல்லை.

இப்போது தலசீமியா

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுத்து உயிர்வாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின். பெரியவர்களின் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு இருக்கும். பீட்டா சங்கிலிக்கான குறிப்பு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஒரு பிரதி பழுதானால் நீங்கள் தலசீமியா மைனர், அதாவது கடத்துநர். லேசான ரத்தசோகை இருக்கலாம், அதுவும் பலருக்குத் தெரியாது. ஓடலாம், ஆடலாம், முழு வாழ்க்கை வாழலாம். இது நோய் அல்ல.

இரண்டு பிரதியும் பழுதானால் தலசீமியா மேஜர்.

குழந்தை பிறந்தவுடன் ஏன் தெரிவதில்லை? கருவில் இருக்கும்போது உடல் வேறு வகை ஹீமோகுளோபினைப் பயன்படுத்துகிறது. அதில் பீட்டா சங்கிலியே இல்லை. பிறந்து சில மாதங்களில் உடல் பீட்டாவுக்கு மாறும்போதுதான் பழுது வெளியே வருகிறது. அதற்குப் பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு பை ரத்தத்திலும் சுமார் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து இருக்கிறது. கூடுதல் இரும்பை வெளியேற்ற நம் உடலுக்கு வழி கிடையாது. அது இதயத்திலும் கல்லீரலிலும் போய்ச் சேர்கிறது. அதை நீக்க வாழ்நாள் முழுக்க மருந்து. பொருத்தமான கொடையாளர் கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்யலாம். மரபணுவையே திருத்தும் சிகிச்சைக்கு 2023ல் பிரிட்டன் முதன்முதலாக அனுமதி கொடுத்தது. ஆனால் அதன் விலை சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்கக்கூடியது அல்ல.

சரி, நான்கு கட்டத்துக்கு வருவோம். அப்பாவும் கடத்துநர், அம்மாவும் கடத்துநர். ஒவ்வொருவரிடமும் நல்ல பிரதி ஒன்று, பழுதான பிரதி ஒன்று. பிள்ளைக்கு இருவரிடமிருந்தும் நல்லது வர 4ல் 1 வாய்ப்பு. இருவரிடமிருந்தும் பழுதானது வர 4ல் 1 வாய்ப்பு. ஒன்று நல்லது, ஒன்று பழுது என்று வர 4ல் 2 வாய்ப்பு. அந்தப் பிள்ளையும் பெற்றோர் மாதிரியே கடத்துநர்.

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். "முதல் பிள்ளைக்கு வந்துடுச்சு, அப்போ அடுத்த மூணுக்கும் வராது" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். அப்படி இல்லை. 4ல் 1 என்பது ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் தனித்தனி. காசை ஒருமுறை சுண்டித் தலை விழுந்தால் அடுத்த முறை பூ விழுந்தாக வேண்டுமா என்ன? காசுக்கு ஞாபகசக்தி கிடையாது. மரபணுவுக்கும் கிடையாது. ஒரே பெற்றோரின் மூன்று பிள்ளைகளுக்கும் மேஜர் வரலாம், ஒருவருக்குமே வராமலும் போகலாம்.

இன்னொரு கணக்கு. உங்கள் அண்ணனுக்கோ தங்கைக்கோ தலசீமியா மேஜர் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. நீங்கள் கடத்துநராக இருக்க என்ன வாய்ப்பு? பாதி என்று சொல்லத் தோன்றும். சரியான விடை 3ல் 2. உங்களுக்கு மேஜர் இல்லை என்பது தெரிந்துவிட்டதால் அந்தக் கட்டத்தை அடித்துவிடலாம். மிச்சம் மூன்று கட்டம். அதில் இரண்டு கடத்துநர்.

பெற்றோரில் ஒருவர் மட்டுமே கடத்துநர் என்றால் பிள்ளைக்கு மேஜர் வராது. கடத்துநராக இருக்க 2ல் 1 வாய்ப்பு மட்டுமே. இப்படி ஒரு குடும்பத்தில் ஐந்து தலைமுறைக்கு அந்த மரபணு ஒரு சத்தமும் இல்லாமல் பயணம் செய்யலாம். இன்னொரு கடத்துநரைக் கல்யாணம் செய்யும்வரை யாருக்கும் தெரியாது. "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே" என்பது பொய் இல்லை. நோய் யாருக்கும் இருந்ததில்லை, மரபணு இருந்தது.

இந்த வட்டாரத்தில் ஏன் இவ்வளவு?

சிங்கப்பூரில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர் தலசீமியா கடத்துநர்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரிடமும் உண்டு. கெட்ட மரபணு என்றால் காலப்போக்கில் அழிந்திருக்க வேண்டாமா? காரணம் மலேரியா. ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களைக் கடுமையான மலேரியா அவ்வளவு எளிதில் கொல்வதில்லை. இந்த யோசனையை ஜே.பி.எஸ். ஹால்டேன் 1949லேயே முன்வைத்தார். மலேரியாக் கொசு நிறைந்த இடங்களில் கடத்துநர்கள் பிழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், மரபணுவும் கூடவே தங்கிவிட்டது. அரிவாள் செல் நோய்க்கும் இதே கதைதான். இந்தியாவில் அந்த மரபணுவை 1952ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான் முதலில் கண்டறிந்தார்கள்.

தென்கிழக்காசியாவில் ஹீமோகுளோபின் இ என்ற இன்னொரு மாற்றமும் பரவலாக இருக்கிறது. அதுவும் பீட்டா மரபணுவில் வருவதுதான். ஒருவர் ஹீமோகுளோபின் இ கடத்துநர், அவருடைய துணை பீட்டா தலசீமியா கடத்துநர் என்றால், பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து வர 4ல் 1 வாய்ப்பு. சிலருக்கு அது லேசாக இருக்கும், சிலருக்கு மேஜர் அளவுக்கே போகும். ஆகவே "நாங்க கலப்புத் திருமணம், எங்களுக்கு இந்தப் பிரச்சினை வராது" என்று நினைக்க வேண்டாம்.

ஆல்ஃபா தலசீமியாவின் கணக்கு கொஞ்சம் வேறு. அதற்கு இரண்டு பிரதி அல்ல, நான்கு. அதை இங்கே விரிக்கப்போவதில்லை. ஒருவர் ஆல்ஃபா, இன்னொருவர் பீட்டா என்றால் பொதுவாகப் பிள்ளைக்கு மேஜர் வராது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பரிசோதனைத் தாளில் எந்த வகை என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

மாமன் மகள், அத்தை மகன்

நம் வீடுகளில் பேசத் தயங்கும் பகுதி இது. முறைப்பையன், முறைப்பெண் என்பதெல்லாம் தமிழர்களிடம் இயல்பான சொற்கள். மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டம், நெருங்கிய உறவுகளுக்குள் திருமணத்தைத் தடைசெய்யும் அதே பிரிவில், இந்துக்கள் வழக்கப்படி அக்கா மகளைக் கட்டிக்கொள்வதற்கு விலக்கு கொடுக்கிறது.

மரபணுக் கணக்கில் என்ன நடக்கிறது? மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் பொதுவாக ஒரு தாத்தா பாட்டி இருக்கிறார்கள். அந்தத் தாத்தாவிடம் அரிதான ஒடுங்கு மரபணு ஒன்று இருந்தால், இரு வழியாகவும் இறங்கி அதே பிரதி இருவரிடமும் இருக்கலாம். அத்தை மாமன் பிள்ளைகள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்களைப் பகிர்கிறார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் நான்கில் ஒரு பங்கு. எண்ணெய் கொட்டிய நோட்டு ஒன்றுதான். அதை நகலெடுத்து இரு வீட்டிலும் வைத்திருக்கிறார்கள்.

அதற்காக உறவில் கல்யாணம் செய்தால் பிள்ளைக்கு நிச்சயம் குறை வரும் என்று பயமுறுத்துவதும் தவறு. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில் 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2013ல் வந்தது. அங்கு ஆய்வில் இருந்தவர்களில் கணிசமானோர் பாகிஸ்தானிய வம்சாவளியினர். பிறவிக் குறைபாட்டின் அபாயம் சுமார் 3 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக உயர்ந்தது. இரட்டிப்பு. அதே நேரம், 100ல் 94 குழந்தைகளுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். உறவில் திருமணம் பேசும் வீட்டில் ரத்தப் பரிசோதனை என்று யாராவது பேச்செடுத்தால் அது அபசகுனம் அல்ல. ஜாதகத்தைப் பார்க்கும் நேரத்தில் அதையும் பார்த்துவிடலாம்.

‘ஓங்கு’ என்றால் நல்லது, பரவலானது என்று அர்த்தமா?

இரண்டும் இல்லை. ரத்தப் பிரிவில் ‘ஓ’ ஒடுங்கு. ஆனால் உலகிலேயே அதிகம் பேரிடம் இருப்பது அதுதான். ‘ஏ’, ‘பி’ இரண்டும் ஓங்கு. இரண்டும் ஒரே ஆளுக்கு வந்தால் ஒன்றை ஒன்று மறைக்காது, ‘ஏபி’ ஆகிவிடும். அப்பா ‘ஏ’, அம்மா ‘பி’, பிள்ளை ‘ஓ’ என்று வந்ததும் வீட்டில் வீண் சந்தேகம் கிளப்புகிறவர்கள் உண்டு. இருவரும் ஒளித்து வைத்திருந்த ‘ஓ’ பிரதியைப் பிள்ளைக்குக் கொடுத்தால் அது முற்றிலும் சாத்தியம்.

ஓங்கு மரபணு தீங்கும் செய்யும். சில சமயம் ஒரு நல்ல பிரதி மட்டும் போதாது. குடும்ப வழிக் கொழுப்பு மிகைப்பு என்ற கோளாறு சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பை இழுத்து அகற்றும் மரபணுவின் ஒரு பிரதி பழுதானால் போதும், இளவயதிலேயே கொழுப்பு எகிறும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 2ல் 1 வாய்ப்பு. அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ 40களில் மாரடைப்பு வந்திருந்தால், "அவர் ரொம்ப மட்டன் சாப்பிடுவாரு" என்று மூடிவிடாமல் உங்கள் கொழுப்பு அளவை ஒருமுறை பாருங்கள். இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. சீக்கிரம் தெரிந்தால்தான் அவற்றால் முழுப் பலன்.

பள்ளியில் நாக்கை உருட்டிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? நாக்கை உருட்டுவது ஓங்கு பண்பு, முடியாவிட்டால் ஒடுங்கு என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 1940ல் அப்படிச் சொன்னவர் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டவன்ட். பிறகு 1952ல் ஒரே கரு இரட்டையர்களைச் சோதித்தபோது, சில ஜோடிகளில் ஒருவரால் முடிந்தது, மற்றவரால் முடியவில்லை. ஒரே மரபணுக்கள், வேறு முடிவு! காது மடல், கன்னக்குழி எல்லாமும் இப்படித்தான், ஒரே மரபணுவின் வேலை இல்லை. உயரத்தை எடுத்துக்கொண்டால் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுவை அலசி 2022ல் வந்த ஆய்வு சுமார் 12,000 மாற்றங்களைக் காட்டியது. தோல் நிறத்துக்கும் பல மரபணுக்கள். "யாரைப் போலப் பிறந்திருக்கு, இவ்வளவு கறுப்பா?" என்று கேட்கும் அத்தைக்கு நான்கு கட்டம் போட்டுப் பதில் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

பாச்சை உருண்டையும் ஆண் குழந்தையும்

ஒடுங்கு மரபணு ஒன்றே ஒன்று இருந்தாலும் வெளிப்படும் இடம் ஒன்று உண்டு, எக்ஸ் குரோமோசோம். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு ஒன்றுதான். ஆகவே ஆணிடம் மாற்று நோட்டு கிடையாது. நிறக்குருடு ஆண்களிடம் அதிகமாக இருப்பது இதனால்தான். ஜி6பிடி குறைபாடும் அதே வகை.

ஜி6பிடி, சிவப்பணுக்களைச் சில வேதிப்பொருள்களிடமிருந்து காக்கும் நொதி. அது குறைந்தால் சில மருந்துகள், ஃபாவா பீன்ஸ், பாச்சை உருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் போன்றவை பட்டதும் சிவப்பணுக்கள் உடையும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை கடுமையாகி மூளையையே பாதிக்கலாம். சிங்கப்பூரில் குழந்தை மருத்துவர் வோங் ஹாக் பூன் இதன் ஆபத்தை எடுத்துக்காட்டினார். 1965லிருந்து பிறக்கும் குழந்தைகளுக்கு இங்கே இந்தப் பரிசோதனை நடக்கிறது. மலேசியாவிலும் தொப்புள்கொடி ரத்தத்தில் பார்க்கிறார்கள்.

கடத்துநராக இருக்கும் அம்மாவின் மகனுக்கு இது வர 2ல் 1 வாய்ப்பு. அப்பாவின் எக்ஸ் மகனுக்குப் போகாது, எல்லா மகள்களுக்கும் போகும். உங்கள் பிள்ளைக்கோ தம்பிக்கோ ஜி6பிடி என்று சொன்னால், பாட்டி ஆசையாக அலமாரியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த பழைய துணியைக் குழந்தைக்குச் சுற்ற வேண்டாம். வேறு எதற்காக மருத்துவரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

சாதாரண முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையில் சிவப்பணுவின் சராசரி அளவு குறைவாக இருந்தால் மருத்துவருக்குச் சந்தேகம் வரும். இரும்புச்சத்துக் குறைவாலும் அப்படி ஆகலாம். அதனால் இரும்பு அளவையும் பார்ப்பார்கள், பிறகு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் பரிசோதனை, தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனை. "ரத்தம் கம்மியா இருக்கு" என்று நீங்களாகவே பார்மசியில் இரும்பு மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். தலசீமியா மைனருக்கு இரும்புச்சத்தும் குறைவாக இருந்தால் தவிர அதனால் பயன் இல்லை.

மலேசியாவில் 2016லிருந்து படிவம் 4 மாணவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதலோடு தலசீமியாப் பரிசோதனை செய்கிறார்கள். அந்தக் கடிதம் வீட்டுக்கு வந்ததா, யார் கையெழுத்துப் போட்டார்கள், முடிவு எங்கே என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் தேசிய தலசீமியாப் பதிவகம் 1992லிருந்து இயங்குகிறது. பாதிக்கப்பட்டவர்களின் குடும்பத்தாருக்குப் பரிசோதனையும் ஆலோசனையும் தருகிறது. கர்ப்பிணிகளுக்கும் முதல் சில வாரங்களில் ரத்தம் பார்ப்பார்கள். அப்போது முடிவில் சந்தேகம் வந்தால் கணவரையும் அழைப்பார்கள். ஆனால் அந்தக் கட்டத்தில் தெரிந்தால் யோசிக்க நேரம் குறைவு. கல்யாணத்துக்கு முன்போ, பிள்ளைக்குத் திட்டமிடும் முன்போ தெரிந்தால் வழிகள் அதிகம்: கருவிலேயே பரிசோதனை, செயற்கைக் கருத்தரிப்பில் முளைக்கருவைச் சோதித்துத் தேர்வது, தத்தெடுப்பது, அல்லது விவரம் தெரிந்தே காத்திருப்பது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்த இருவரின் முடிவு, மாமியாருடையது அல்ல.

நீங்கள் கடத்துநர் என்று தெரியவந்தால், இருவரும் கடத்துநர் என்றே ஆனாலும், காதலை முறிக்கவோ நிச்சயத்தை நிறுத்தவோ அது காரணம் ஆகிவிடாது. முதலில் துணையின் ரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அடுத்து, உங்கள் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அது இருக்கக் குறைந்தது 2ல் 1 வாய்ப்பு இருக்கிறது.